என் பாவாடையில் அவள் அழுத அழுகை

போன வாரம் தாம்பரம் பஸ் நிலையத்தில் எனக்கு வயிறு எரிந்தது. அசிடிட்டி இல்லை. நம் வயதில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். இது பொறாமை. ஐம்பதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படப்பை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவளுக்கு வரக்கூடாத பொறாமை.

கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு இழந்து விரட்டப்பட்ட ஜனங்களின் கஷ்டத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்கிற நாடகம். ஒரு பெண் கிழிந்த சேலையோடு தரையில் புரண்டு, "எங்க வூட்ட இடிச்சிட்டாங்களே" என்று அழுதாள். நன்றாகவே அழுதாள். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. என் பக்கத்தில் கூடையோடு நின்ற பூக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். அத்தனை பேரும் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒருத்திதான், 'அது என் வேஷம்டி' என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களில் சிலர் காலனிப் பக்கம் வளர்ந்தவர்கள், சிலர் என்னைப்போல ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். சண்டைக்கு வராதீர்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்றைக்கு சிக்னலைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அப்போது வயலும் ஏரியும் கருவேல மரங்களும்தான். நடுவில் மனை பிரித்துப் புதிதாக உத்தியோகக்காரர்களின் காலனி ஒன்று எழும்பியிருந்தது. ஏரியின் கரைமேல் எங்கள் தெரு. தெரு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். ஓலைக் குடிசைகளின் வரிசை அது. ஒரு ஐப்பசி மழையில், கரை உடைந்துவிடும் என்று சொல்லி சர்க்கார் ஆட்கள் எங்களை எடுத்தார்கள். இடித்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. ஓலை வீட்டை என்னத்தை இடிப்பது? நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தால் தூக்கிவிடலாம்.

அன்றைக்குத் தெருவே அலறியது. நான் அழவில்லை. காரணம், பக்கத்து வீட்டு அக்காவின் கோழி. மழைக்குப் பயந்த அந்தக் கோழி, சாமான் ஏற்ற வந்த லாரிக்குள் பறந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. டிரைவர் கீழே நனைந்துகொண்டு நின்றார். கோழியைத் தொடப் பயம் அவருக்கு. "எறங்கும்மா, நான் போவணும். தோ பாரு, மழ பெய்யுது. எறங்கும்மா" என்று பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் கெஞ்சினார். கோழி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்ததே தவிர அசையவில்லை. கையில் அலுமினியக் குண்டானோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. அம்மாவும் அன்றைக்கு அழவில்லை. அவளுக்கு அழ நேரம் ஏது? நனையாத விறகைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லில் எங்களை இறக்கினார்கள். மில் முதலாளி அந்த ஊரின் பழைய குடும்பம். "மழ வுடற வரைக்கும் இருந்துக்கங்க" என்றார். சேலைகளைக் குறுக்கே கட்டி வீடு வீடாகப் பிரித்துக்கொண்டோம். எங்கள் வீட்டுச் சுவர் அம்மாவின் பச்சைச் சேலை. அடுத்த வீட்டுச் சுவரில் ரோஜாப்பூ போட்டிருந்தது. தவிட்டுத்தூள் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். சோற்றில் தவிடு, தலையில் தவிடு, படுத்தால் உடம்பெல்லாம் அரிப்பு. இன்றைக்கும் மாவு மில்லைத் தாண்டும்போது என் கை தானாக முழங்கையைச் சொறியும்.

மில்லுக்கு எதிரே காலனி. காலனி சங்கத்தின் செகரெட்டரி சாருக்கு என் வயதில் ஒரு பெண். காலையில் ரிக்‌ஷாவில் கான்வென்டுக்குப் போவாள். பவுடர் வாசனை ரோட்டைத் தாண்டி மில் கேட் வரைக்கும் வரும். கழுத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கும். அதன் மூடியே டம்ளராகவும் ஆகும். மூடி எப்படி டம்ளராகும் என்று யோசித்து யோசித்து நான் இளைத்துப் போனேன். அவளிடம் பழம் வாசனை அடிக்கிற ரப்பர் இருக்கிறதென்று அண்ணன் வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வரப்போகிற நாடகத்துக்கு முன்னாலேயே பொறாமைக் கணக்கு தொடங்கிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

மழை விட்ட பிறகு ஒருநாள் செகரெட்டரி சார் மில்லுக்கு வந்தார். சஃபாரி சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதை அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொங்கல் விழாவுல ஒரு நாடகம் போடப் போறோம். உங்க கஷ்டத்தைத்தான் போடப் போறோம். கஷ்டம் இருந்தா மட்டும் போதாதுங்க, அது நாலு பேருக்குத் தெரியணும். தெரிஞ்சாதான் ஏதாவது நடக்கும். பெரிய அதிகாரி ஒருத்தர் தலைமை தாங்க வர்றார்" என்றார்.

"அப்ப எடம் இங்கியே குடுப்பாங்களா சார்?" என்று அப்பா கேட்டார்.

"முதல்ல தெரியட்டும்" என்றார் சார்.

அது போதும் அப்பாவுக்கு. மறுநாளே எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்து வந்து மில் சுவரோரம் நட்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சார் கேட்டபோது பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பிறகு ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். நான்தான் சொன்னேன். யார் யார் எந்த மூலையைப் பிடித்தார்கள், ஓலை தூக்கும்போது உள்ளேயிருந்து என்னென்ன பூச்சி ஓடியது, பானைக்குள் மழைத்தண்ணீர் விழுந்து எப்படிச் சத்தம் போட்டது என்று எல்லாம் சொன்னேன். என் வாய் அப்படி. சார் எழுதிக்கொண்டே இருந்தார். "பிரமாதம்! இந்தப் பொண்ணே நடிக்கட்டும்" என்றார். மில் முழுக்க எனக்குக் கொண்டாட்டம். தண்ணீர்க் குழாயில்கூட எனக்கு முன்னால் இடம் விட்டார்கள்.

ஒத்திகை செகரெட்டரி சார் வீட்டு வராந்தாவில். க்ரீம் பிஸ்கட் கொடுத்தார்கள். நான் நடுவில் நின்று, "ஐயோ, எங்க வூட்டத் தொடாதீங்க! நாங்க எங்க போவோம்?" என்று அழவேண்டும். காலனிப் பையன் ஒருவன் அட்டையில் செய்த லாரியைப் பிடித்துக்கொண்டு "பாம் பாம்" என்று வருவான். அவ்வளவுதான். லாரியைப் பார்த்ததும் எனக்குக் கோழி ஞாபகம் வந்துவிடும். சிரித்துவிடுவேன்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. உன் வீடு போகுது" என்பார் சார்.

"ஆமா சார்."

"அப்ப அழு."

"கோழி சார்..."

"கோழிய மறந்துடும்மா. நாடகத்துல கோழியே இல்ல. ஜனங்க மனசு உருகணும். நீ சிரிச்சா, இதுங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லன்னு எழுந்து போயிடுவாங்க."

சாரின் தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாடகத்தைச் சொல்லிக் கொடுத்தது அந்த டீச்சர் அக்காதான். அவர்கள் வெங்காயம் கொண்டுவந்து என் கண்ணருகே பிழிந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் மட்டும் சிரித்தது. வீட்டை இழந்தவள் சிரிக்கமாட்டாள் என்று அந்தப் பெரியவர்களுக்கு யார் சொன்னார்களோ. நான் இழந்தவள்தானே, எதிரிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேனே!

சாரின் மகள் ஊஞ்சலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இறங்கி வந்து, "அப்பா, நான் செஞ்சு காட்டட்டுமா?" என்றாள். வந்து நின்றாள். அட்டை லாரியைப் பார்த்தாள். உதடு துடித்தது, மூக்கு சிவந்தது, கண்ணீர் கோடாக இறங்கியது. வெங்காயமே வேண்டியிருக்கவில்லை. டீச்சர் அக்கா அழுதுவிட்டார்கள். லாரி பிடித்த பையனே அழுதுவிட்டான்.

செகரெட்டரி சார் என் தலையில் கை வைத்து, "பரவாயில்லம்மா. நீ போய் உக்காரு" என்றார். நான் போய் அவள் விட்டு வந்த ஊஞ்சலில் உட்கார்ந்தேன். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு அவளுடைய ஊஞ்சல்கூட வேண்டியிருக்கவில்லை.

அதோடு விட்டார்களா? அவளுக்கு எங்கள் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். "வீடு இல்ல, வூடு. இருக்கு இல்ல, கீது" என்று சொல்லிக் கொடுத்தேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கெட்டிக்காரி, தப்பென்றால் கண்டுபிடித்துவிடுவாள். நாலாம் நாள் அவள் வாயைத் திறந்தால் எங்கள் தெருக்குழாய்ச் சண்டை கேட்டது. நல்ல பெண்தான். பாட்டில் மூடியில் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்தபோதும் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு டீச்சர் அக்கா மில்லுக்கு வந்து அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "நாடகத்துக்கு உங்க பொண்ணோட பாவாடை ஒண்ணு வேணும். நிஜமா நீங்க போடற துணியா இருந்தா நல்லாருக்கும்." கிழிசல் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

என்னிடம் இரண்டு பாவாடைகள் இருந்தன. ஒன்று தினத்துக்கும் போடுவது, அதில் பாதி ஒட்டுத்துணி. இன்னொன்று தீபாவளிக்குத் தைத்த அரக்குப் பாவாடை. அடியில் துணியை உள்ளே மடித்து மூன்று டக் பிடித்திருந்தார்கள். நான் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் பாவாடையும் நீளும். அம்மா அரக்குப் பாவாடையை எடுத்தாள்.

"அத்த ஏம்மா குடுக்கற? கிழிஞ்சத குடு" என்றேன்.

"அடிப் போடி. மேடைக்குப் போற துணி. காலனி மொத்தமும் பாக்கும். கிழிசலக் குடுத்தா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?"

துவைத்தாள், கஞ்சி போட்டாள். புங்க மரத்தடியில் வண்டி வைத்திருந்த இஸ்திரிக்காரரும் எங்கள் கரைக்காரர்தான். "இன்னாக்கா, பொண்ணு ஆக்டு குடுக்குதாமே?" என்று கேட்டுக்கொண்டே மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தார். அம்மா "ம்" என்று மட்டும் சொன்னாள். பழைய பேப்பரில் வைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான்தான் ரோட்டைக் கடந்து கொண்டுபோனேன்.

டீச்சர் அக்கா பிரித்துப் பார்த்தார்கள். முகம் விழுந்துவிட்டது. "ஐயய்யோ, இது புதுசா இருக்கே" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நான் வேற வாங்கித் தர்றேன், என்ன?" என்று சொல்லிவிட்டு பிளேடை எடுத்தார்கள். ஓரத்தில் வெட்டுக் கொடுத்து மேலே இழுத்தார்கள். மூன்று டக்கையும் தாண்டிக் கிழிந்தது. டக்குக்குள் இருந்த துணி வெயிலே படாமல் நல்ல அடர் நிறத்தில் இருந்தது. அடுத்த வருஷம் எனக்கு வரவேண்டிய துணி அது. அதன்மேல் தோட்டத்துச் செம்மண்ணைத் தேய்த்து, மிச்சமிருந்த காபி டிகாக்‌ஷனைத் தெளித்தார்கள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள்தான் மேடையில் பார்க்கப் போகிறாளே.

காணும் பொங்கல் சாயங்காலம் நாடகம். ட்யூப் லைட், புனல் ஸ்பீக்கர், மல்லிகைப்பூ வாசனை. மில்லில் இருந்த எங்களை முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார வைத்தார்கள். மரியாதைதான். சாரின் மகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, என் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா கிழிசலைப் பார்த்துவிட்டாள். கை ஒருமுறை வாய்க்குப் போய் இறங்கியது. அதற்குள் மேடையில் அந்தப் பெண் பேசத் தொடங்கிவிட்டாள். மூலையைப் பிடித்தவர்கள், ஓலையிலிருந்து ஓடிய பூச்சி, பானையில் விழுந்த மழை. எல்லாம் நான் சொன்னது. என் பேச்சில், என் துணியில், எனக்கு வராத அழுகையை அவள் அழுதாள். காலனி அம்மாக்கள் முந்தானையை எடுத்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கூரை போனபோது அழாதவள், தவிட்டில் படுத்தபோது அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். நாடகம் முடிந்ததும் எழுந்து நேராக மேடையடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். இறங்கி வந்த அந்தப் பெண்ணை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் கண்ணு, இன்னா பாடு பட்டுட்ட நீ" என்றாள்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "எம்மா, நான்தாம்மா பட்டேன்."

"சும்மா இருடி" என்றாள் அம்மா, அவளை விடாமல்.

இப்போது யோசித்தால் எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு மழையில் விறகு தேடிக்கொண்டிருந்தவள், தனக்கு நடந்ததை உட்கார்ந்து பார்த்தது அந்த ஜமக்காளத்தில்தான். புரிகிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் அம்மா என்னை அணைத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், அந்த ஒரு அணைப்பு எனக்கு வரவேண்டியது என்றுதான் மனசு சொல்கிறது.

சாரின் மகளுக்கு வெள்ளிக் கப் கொடுத்தார்கள். அதிகாரி, செகரெட்டரி சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசே உருகிடுச்சு சார்" என்றார். உருகிவிட்டதென்றால் இடம் கிடைத்த மாதிரிதான் என்று மில்லில் எல்லோரும் முடிவுகட்டினோம். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கோழியையே அடித்துக் குழம்பு வைத்து, சேலைக்குச் சேலை கிண்ணத்தில் கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன். அப்பாவின் முருங்கைக் கொம்பில் பச்சையாக இரண்டு துளிர் வந்திருந்தது.

நாடகத்துக்குப் பேர் வந்துவிட்டது. தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் மறுபடி போடக் கூப்பிட்டார்கள். மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலனியே பஸ் பிடித்துக்கொண்டு கிளம்பியது. பாவாடை அவர்களோடு போனது.

அன்றைக்கு மத்தியானம் மில் முதலாளி லாரிகளோடு வந்தார். கோபமாக இல்லை. "நானும் எவ்ளோ நாள் பாக்கறது? மில்ல ஓட்டணும்ல? படப்பை தாண்டி எடம் பேசி வெச்சிருக்கேன், ஏறுங்க" என்றார். அப்பா எதிர்ப்பக்கம் காலனிக்கு ஓடினார். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாக் கதவிலும் பூட்டு.

"எல்லாரும் டிராமாவுக்குப் போய்க்கிறாங்க" என்றார். முருங்கையைப் பிடுங்குவதா விடுவதா என்று கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றார். விட்டுவிட்டு ஏறினார்.

டிரைவர் தன் சீட்டில் தாராளமாக ஏறி உட்கார்ந்தார். எறங்கும்மா என்று யாரிடமும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை.

தாம்பரத்தில் இப்போது மேம்பாலம். அப்போது கேட். படப்பைக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் லாரி போனபோது கேட் போட்டிருந்தது. சைக்கிள்காரர்கள், மாட்டுவண்டி, ஒரு பஸ், நடுவில் சட்டி பானைமேல் நாங்கள். பக்கத்து மைதானத்துப் புனல் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. "ஐயோ, எங்க வூட்டத் தொடாதீங்க! நாங்க எங்க போவோம்?"

லாரியின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். கோழி இல்லை. அப்போது வந்தது எனக்கு அழுகை. செகரெட்டரி சார் நாள்கணக்கில் கேட்ட அழுகை, அடிவயிற்றிலிருந்து, நிறுத்த முடியாமல். அவர் மட்டும் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கே வேஷத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவ்வளவு நன்றாக அழுதேன்.

சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றி நின்ற ஒருவர் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பாப்பா, கொஞ்சம் சும்மா இரும்மா. டிராமா கேக்க மாட்டேங்குது" என்றார்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் வெங்காயமும் தவிடும் மணத்தன. அவளும் மைதானத்துப் பக்கம்தான் திரும்பியிருந்தாள். ரயில் போய், கேட் திறக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பாவாடை திரும்பி வரவில்லை. படப்பைக்கு அப்பால் எங்களைத் தேடி யார் வருவார்கள்?

போன வாரத்துக்கு வருகிறேன். நாடகம் முடிந்ததும், அழுத அந்தக் கல்லூரிப் பெண் செல்போனோடு கூட்டத்துக்குள் வந்தாள். இன்னும் மூக்கு சிவந்திருந்தது. "ஆன்ட்டி, இந்த மாதிரி வீடு போனவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

"சூப்பர் ஆன்ட்டி. கேமராவப் பாத்துச் சொல்லுங்க. ஃபீல் பண்ணிச் சொல்லுங்க, நிறைய பேருக்கு ரீச் ஆகும்."

இத்தனை வருஷம் கழித்து என் முறை வந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். மழையைச் சொன்னேன், மூலையைப் பிடித்த நாலு பேரைச் சொன்னேன், லாரி வந்ததைச் சொன்னேன். லாரி வந்ததும் அந்தக் கோழி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. நான் என்ன செய்வேன்? சிரித்துவிட்டேன். இரண்டு முறை திரும்ப ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் கோழி எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாக இருந்தாள். பிறகு போனை இறக்கினாள்.

"பரவால்ல ஆன்ட்டி. நீங்க உக்காருங்க" என்றாள்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் போனைப் பூக்காரம்மாவின் பக்கம் திருப்பினாள். பூக்காரம்மா வாயைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எவ்வளவு சுலபமாக வருகிறது அவளுக்கு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படப்பை பஸ் வந்து போய்விட்டது.